பதினொரு கால் நண்டு

ஹேமலதா: நூத்தி எண்பது ரூபா குடுத்து, நான் எழுதுன புத்தகத்த நானே திருட்டுக் காப்பியா வாங்கிட்டு வந்திருக்கேன் பாய். இந்தாங்க, பாருங்க.

தௌஃபீக்: எங்க, குடு... அட, ஸ்பைரல் நல்லா போட்டிருக்கானே.

ஹேமலதா: பாராட்டுங்க. போயி ஒரு சால்வையும் போத்திட்டு வாங்க.

தௌஃபீக்: அதுக்கில்லம்மா. பிரஸ்ஸு வச்சிருக்கறவன் கண்ணு மொதல்ல பைண்டிங்கத்தான் பாக்கும். அட்டைக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டு வேற. நம்ம ஒரிஜினல்ல அது கிடையாது.

ஹேமலதா: நான் கேட்டேன். ஏழு ரூபா கூட ஆவும்னு நீங்கதான் வேணாம்னீங்க.

தௌஃபீக்: சரி சரி... எங்க வாங்குன?

ஹேமலதா: அரியலூர்ல. வேலைக்குப் போற வழியில ஒரு ஜெராக்ஸ் கடை. குரூப் ஃபோர் கைடு அடுக்கி வச்சிருக்காங்கல்ல, அதுக்கு நடுவுல. கடைக்காரரு எடுத்து நீட்டி, "அக்கா, இது நல்லா போகுது, புது சிலபஸ்"ங்கறாரு.

தௌஃபீக்: உன்கிட்டயேவா?

ஹேமலதா: பின் அட்டையில என் போட்டோ இருக்கு பாய். ஜெராக்ஸ்ல கறுத்துப்போயி மூக்கு மட்டும் தெரியுது. "இத எழுதினவங்க யாருங்க"ன்னு கேட்டேன். "யாரோ அந்தக் காலத்து ஆளுக்கா, இப்ப இல்ல போல"ன்னுட்டாரு.

தௌஃபீக்: நீ என்னா சொன்ன?

ஹேமலதா: என்னாத்த சொல்றது. எனக்கு நானே அனுதாபம் தெரிவிச்சிட்டு, சில்லறைய வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஹஃபீசா: ஹேமா வந்துட்டியா... இரு, கையெல்லாம் பசை. இந்தக் கல்யாணப் பத்திரிகைக் கட்ட ஒட்டிட்டு டீ போடறேன்.

ஹேமலதா: டீ வேணாங்க்கா. இன்னிக்கு நான் சண்டை போட வந்திருக்கேன்.

ஹஃபீசா: அதுக்கும் டீ வேணும்ல.

தௌஃபீக்: ஏம்மா, சண்டை கெடக்கட்டும். ரெண்டாம் பாகம் கொண்டாரேன்னியே? காகிதத்த ஒதுக்கி வச்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஸ்கூல் டைரி அடிக்க ஒருத்தரு அதையே கேட்டு நச்சரிக்கறாரு. நாளைக்குக் காலைல அவருக்குப் பதில் சொல்லியாவணும்.

ஹேமலதா: கொண்டாந்திருக்கேன். இந்தா, பென்டிரைவு. பாத்துக்கிட்டீங்களா?

தௌஃபீக்: பாத்தேன். குடு.

ஹேமலதா: தரமாட்டேன். மொத பாகத்த வெளிய வுட்டது யாருன்னு தெரியற வரைக்கும், ரெண்டாவது இந்தக் கைய வுட்டுப் போவாது. இன்னிக்கு எனக்கு லீவு. லாரி எடைமேடையில வேற ஆள உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். யாருன்னு தெரிஞ்சுக்காம இந்த நாற்காலிய வுட்டு எந்திரிக்க மாட்டேன்.

தௌஃபீக்: அந்த நாற்காலிக்கு ஒரு காலு ஆட்டம். பாத்து உக்காரு.

ஹேமலதா: காலப் பத்தி அப்பறம் பேசுவோம். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

தௌஃபீக்: என்னது?

ஹேமலதா: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

தௌஃபீக்: என்னாத்த சொல்ல. பி.டி.எஃப்னு ஒண்ணு வந்தப்பவே எல்லாம் போச்சு. உலகம் பூரா இதான் நடக்குது. பெரிய பெரிய கம்பெனி அடிக்கற ஆட்டப் புத்தகமெல்லாம் காலைல வந்தா சாயங்காலம் ஓசியில கெடைக்குதாம். அரியலூர் எடைமேடையில லாரிக்கும் லாரிக்கும் நடுவுல எழுதுன புத்தகம், அத மட்டும் வுட்டு வச்சிருவாங்களா?

ஹேமலதா: அவங்களுக்கு ஒண்ணு போனா ஒம்பது இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான். முந்நூறு அடிச்சோம். நூத்திப் பன்னெண்டு போச்சு. ஓசி பி.டி.எஃப் போடற அந்த சேனல்ல நாலாயிரத்துச் சொச்சம் பேரு இறக்கியிருக்காங்க. நாலாயிரத்துல ஒரு இருநூறு பேரு காசு குடுத்திருந்தா, அந்த மூலையில இருக்கற கட்டெல்லாம் இப்ப அங்க இருக்காது.

ஹஃபீசா: அந்தக் கட்டு மேலதான் நான் பசை டப்பா வைக்கறேன். அது போச்சுன்னா எனக்குக் கஷ்டம்.

ஹேமலதா: அக்கா, நீங்களுமா.

ஹஃபீசா: சும்மா சொன்னேன். இந்தா டீ... ஆனா ஒண்ணு ஹேமா, இந்த ஆட்டம் என்னான்னு நம்ம ஊருக்குப் புரிய வைக்கறதுக்குள்ளயே பாதி உசுரு போச்சு. நீ மொத மொத இதக் கொண்டாந்தப்ப, இவரு சமையல் புத்தகம்னுல்ல நெனச்சாரு.

தௌஃபீக்: ஏன் நெனைக்க மாட்டேன்? அட்டையில நண்டு. தொறந்தா மொத பக்கத்துல, "நாலு பேருக்கு"ன்னு போட்டிருக்கு.

ஹேமலதா: நாலு பேரு சேந்து ஆடறதுக்குங்க.

தௌஃபீக்: அது அப்பறமாத்தானே தெரிஞ்சுது. ஒருத்தரு கதை சொல்லணும். மத்தவங்க அந்தக் கதைக்குள்ளயே ஆளா இருந்துக்கிட்டு, நான் இப்ப தண்ணியில குதிக்கறேன், நான் அவனக் காப்பாத்தறேன்னு வாயாலயே சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு சோழி உருட்டிப் பாக்கணும். பலகை கிடையாது, காயி கிடையாது. "இதுக்கு எதுக்குய்யா நூத்தி இருவது பக்கம்"னு கேட்டேன்.

ஹஃபீசா: கேட்டவருதான், மொத நாளு ஆடறப்ப கடல்ல முழுகி செத்துப்போயிட்டு ரெண்டு நாளு சரியா சாப்புடல.

தௌஃபீக்: அது வேற. அரியலூரு பூரா கடலா கெடந்த காலத்துக் கதைன்னு சொல்லி உக்கார வச்சுட்டா. வெயில்ல வந்து உக்காந்த எனக்கு நெசமாவே மூச்சு முட்டிச்சு.

ஹேமலதா: பேச்ச மாத்தாதீங்க பாய். போன மாசம் புத்தகத் திருவிழாவுல என்னா நடந்துச்சுன்னு தெரியும்ல?

தௌஃபீக்: தெரியாது.

ஹேமலதா: ஒரு அம்மா வந்தாங்க. "நீங்கதான் ஹேமலதாவா, எங்க வூட்டுல எல்லாரும் ஞாயித்துக்கிழம ஆனா இதான்"னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. "கையெழுத்துப் போடுங்க"ன்னு பையிலருந்து எடுக்கறாங்க... ஸ்பைரலு.

ஹஃபீசா: அய்யோ.

தௌஃபீக்: போட்டியா?

ஹேமலதா: போட்டேன். "அன்புடன்"னு வேற எழுதினேன். பேனா மை பிளாஸ்டிக்ல நிக்கல. அவங்களே உள்பக்கத்தத் தொறந்து, "இங்க போடுங்க, இங்கதான் நிக்கும்"னாங்க.

தௌஃபீக்: நம்ம புத்தகத்த பக்கத்துலதானே அடுக்கி வச்சிருந்த? காட்டலியா?

ஹேமலதா: காட்டினேன். "ஓ, இது கடையிலயும் விக்குதா"ன்னாங்க.

ஹஃபீசா: பாவம், அந்தம்மாவுக்குத் தெரியாது.

ஹேமலதா: அவங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. சேனல்ல போட்டானே, உப்புக்கடல்னு பேரு வச்சுக்கிட்டு ஒருத்தன். அவன் கையில கெடச்சான்னா, லோடு லாரிக்கு அடியில வச்சு எடை போட்டுருவேன்.

தௌஃபீக்: விடும்மா. பாவம். அவங்களுக்கு என்னா கஷ்டமோ.

ஹேமலதா: என்னா பாவம்? திருடனுக்கு என்னா பாவம்?

ஹஃபீசா: அவனோ... அவளோ.

ஹேமலதா: எவளா இருந்தா என்னக்கா.

ஹஃபீசா: நான் ஒண்ணும் சொல்லல. டீ ஆறுது.

ஹேமலதா: சரி, விஷயத்துக்கு வரேன். பத்து நாளைக்கு முன்னாடி செந்துறையிலருந்து ஒரு மெசேஜ். சிந்துன்னு ஒரு பொண்ணு, அங்க பேங்க்ல வேலையாம். அவங்க அஞ்சு பேரு சேந்து ஆடறாங்க. "மேடம், உங்க நண்டு ரொம்ப அநியாயம். ஏழு தடவ ஆடிட்டோம், ஏழு தடவயும் எங்கள முழுங்கிருச்சு"ன்னு.

தௌஃபீக்: நண்டு கஷ்டம்தான். அது உருட்டறதே பத்து சோழி.

ஹேமலதா: ஆமா. எத்தன காலோ அத்தன சோழி. நண்டுக்குப் பத்து காலு, பத்து சோழி. அதத்தான் நானும் எழுதினேன். அந்தப் பொண்ணு திருப்பி எழுதுது, "பதினொரு சோழிய நாங்க எப்படி மேடம் ஜெயிக்கறது"ன்னு.

தௌஃபீக்: ஸ்ஸ்... ஆ!

ஹேமலதா: என்ன பாய், டீ சுட்டுருச்சா?

தௌஃபீக்: இல்ல... பதினொண்ணா? எண்ணத் தெரியாத புள்ளைங்களா இருக்கும்.

ஹேமலதா: பேங்க்ல வேலை பாக்குது.

தௌஃபீக்: அப்ப ஜெராக்ஸ் சரியா விழுந்திருக்காது.

ஹேமலதா: எழுத்துல போட்டிருக்கு பாய். எண்ணுல இல்ல. நான் எங்க வேலை பாக்கறேன்?

தௌஃபீக்: எடைமேடையில.

ஹேமலதா: எத்தன வருசமா?

தௌஃபீக்: பத்து இருக்குமா...

ஹேமலதா: பதினொண்ணு. சுண்ணாம்புக்கல் லாரி ஏறி நிக்கும். கிளீனரு இறங்கிட்டேன்னு கதவச் சாத்துவான், சத்தம் மட்டும் கேக்கும், ஆளு உள்ளயே படுத்துக்குவான். அவன் எடையும் கல்லு எடையில சேந்துரும். எவன் இறங்கினான், எவன் இறங்கலன்னு பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவ, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புத்தகத்த சும்மா தூக்கி நாலு பேருகிட்ட குடுப்பேனா?

ஹஃபீசா: என்னடி பண்ணி வச்ச?

ஹேமலதா: படிச்சுப் பாக்கச் சொல்லி ரெண்டே பேருக்கு அனுப்பினேன். ஒருத்தரு செந்துறை முத்துசாமி சாரு. ஸ்கூல் வாத்தியாரு, எழுத்துப்பிழை பாக்க. இன்னொருத்தரு நீங்க. முப்பத்தேழாம் பக்கத்துல, சாருக்குப் போன காப்பியில நண்டுக்கு ஒம்பது காலு. அச்சுக்குக் குடுத்த கடைசி பைல்ல, சரியா பத்து. உங்களுக்கு அனுப்பினதுல...

தௌஃபீக்: அஸ்ஸலாமு அலைக்கும், யாரோ கடைக்கு வந்தாப்புல இருக்கு.

ஹஃபீசா: யாரும் வரல. உக்காருங்க.

ஹேமலதா: அந்த ஸ்பைரலப் புரட்டுங்க பாய். முப்பத்தேழு.

தௌஃபீக்: கண்ணாடிய எங்க வச்சேன்...

ஹஃபீசா: தலையில இருக்கு.

தௌஃபீக்: இது தூரப் பார்வைக் கண்ணாடி.

ஹஃபீசா: குடுங்க இப்படி, நான் படிக்கறேன். முப்பத்தஞ்சு... முப்பத்தாறு... இந்தா. "கல்மேட்டு நண்டு. சேற்றுக்கு அடியில் காத்திருக்கும். இதற்குப் பதினொரு கால்கள்."

ஹேமலதா: சொல்லுங்க பாய். கதவு சாத்துன சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு.

தௌஃபீக்: முத்துசாமி சாரு மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்.

ஹஃபீசா: என்னங்க.

தௌஃபீக்: சரி... நான்தான். சேனலுக்கெல்லாம் இல்லம்மா. அல்லா மேல ஆணையா ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினேன். எங்க மச்சான் ஹபிபுல்லா, என் தங்கச்சி மர்ஜியா வூட்டுக்காரரு. குவைத்துல இருக்காரு. போனு பண்ணாலே அழுவாரு. வெயில் காலத்துல மத்தியானம் வேலை கிடையாது, ரூம்ல எட்டு பேரு, ஆளுக்கொரு கட்டிலு, ஆளுக்கொரு போனு, யாரும் யாருகிட்டயும் பேசறதில்லங்கறாரு. நான் அப்பத்தான் கடல்ல முழுகிச் செத்திருந்தேன். "மச்சான், இத ஆடிப் பாருங்க, எட்டு பேரும் பேசியே ஆவணும்"னு அனுப்பி வச்சேன்.

ஹேமலதா: புத்தகமா அனுப்பியிருக்கலாம்ல.

தௌஃபீக்: புத்தகம் அப்ப அச்சே ஆவலியே. நீ படிச்சுப் பாக்கக் குடுத்த வாரம் அது.

ஹேமலதா: அங்கேருந்து அரியலூருக்கு எப்படி வந்துச்சு?

தௌஃபீக்: ரூம்ல செந்துறைக்காரரு ஒருத்தரு. லீவுல வந்தவரு, வூட்டுல ஆடறதுக்கு ஒரு காப்பி பிரிண்ட் போட்டிருக்காரு. கடை கம்ப்யூட்டருக்குள்ள போன பைலு திரும்பி வராது, உனக்கே தெரியும். எனக்கே ஒரு மாசம் கழிச்சு மச்சான் சொல்லித்தான் தெரியும். உன்கிட்ட சொல்ல பத்து தடவ வாயத் தொறந்தேன். ஒவ்வொரு தடவயும் நீ அந்த உப்புக்கடல லாரிக்கு அடியில போட்டுக்கிட்டிருந்த.

ஹேமலதா: ஆடினாங்களா?

தௌஃபீக்: யாரு?

ஹேமலதா: குவைத்துல.

தௌஃபீக்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். சோழி இல்லன்னு பாட்டில் மூடி உருட்டறாங்க. இப்ப பக்கத்து ரூமும் சேந்து பதினாறு பேரு. நண்டுகிட்ட எல்லாரும் செத்தாச்சு.

ஹேமலதா: பதினொரு சோழியாச்சே... சாகத்தான் செய்வாங்க.

ஹஃபீசா: சிரிக்கறா பாரு.

ஹேமலதா: சிரிக்கல. அந்த சிந்து குரூப்பு என்னா பண்ணியிருக்கு தெரியுமா? ஜெயிக்கவே முடியலன்னதும் அவங்களே ஒரு விதி போட்டிருக்காங்க. நண்டோட கால ஒண்ணொண்ணா வெட்டலாம். ஒரு கால் போனா ஒரு சோழி போச்சு. ஆனா வெட்டப் போறவன் தன்கிட்ட இருக்கற ஒரு சோழியத் தூக்கி வைக்கணும். எனக்கு மூணு வருசமா தோணல பாய். தப்பான நண்டோட மல்லுக்கட்டி அவங்க கண்டுபுடிச்சுட்டாங்க. அத ரெண்டாம் பாகத்துல சேத்துட்டேன். அஞ்சு பேரு பேரும் போட்டிருக்கேன்.

தௌஃபீக்: திருட்டுக் காப்பி வச்சு ஆடினவங்க பேரையா?

ஹேமலதா: நல்ல விதி போட்டவங்க பேர.

தௌஃபீக்: அப்ப... என் மேல கோவம் இல்லையா?

ஹேமலதா: இருக்கு. நேத்தே இருந்துச்சு. ஸ்பைரல வாங்கினதும் பஸ்ல உக்காந்து முப்பத்தேழத்தான் மொதல்ல பாத்தேன். வூட்டுக்குத் திரும்பற பஸ்ஸு குன்னம் தாண்டறதுக்குள்ள பாதி ஆறிப்போச்சு.

ஹஃபீசா: நேத்தே தெரிஞ்சுமா இவர இந்தப் பாடு படுத்துன?

ஹேமலதா: கண்ணாடி தேடறதப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சுக்கா. சரி, முடிஞ்சுது. ஆளு கெடச்சாச்சு. பென்டிரைவ...

தௌஃபீக்: இரு. முடியல.

ஹேமலதா: என்ன முடியல?

தௌஃபீக்: ஸ்பைரலு என் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா நீ சொன்ன நாலாயிரம் பேரு ஸ்பைரல் இல்லையே. அது சேனலு. அந்த பைல நான் இறக்கிப் பாத்தேன்.

ஹேமலதா: எப்ப?

தௌஃபீக்: எட்டு மாசத்துக்கு முன்னாடி. காகிதத்த எங்க வெட்டணும்னு ஓரத்துல வெட்டுக்கோடு போட்ட பைலு. எனக்கு அச்சுக்கு வந்தது. நண்டுக்குப் பத்து காலு.

ஹேமலதா: அச்சடிச்ச புத்தகத்த எவனாவது ஸ்கேன் பண்ணியிருப்பான்.

தௌஃபீக்: புத்தகத்துல வெட்டுக்கோடு ஏதும்மா? அத வெட்டி குப்பையில போட்டதே நான்தானே. கோட்டோட இருக்கற பைலு ரெண்டே எடத்துல இருந்துச்சு. ஒண்ணு, இந்தக் கம்ப்யூட்டரு. இதுக்கு நெட்டே கிடையாது. பிரிண்டருகிட்ட பேசவே யோசிக்கும் இது.

ஹேமலதா: இன்னொண்ணு... என்கிட்ட.

ஹஃபீசா: எனக்கும் தெரியும் ஹேமா. இவரு அன்னிக்கே வந்து சொன்னாரு. கேக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்.

ஹேமலதா: எட்டு மாசமா தெரிஞ்சுமா காகிதத்த ஒதுக்கி வச்சீங்க?

தௌஃபீக்: நீ ரெண்டாம் பாகம் எழுதறேன்னு சொன்னியே. எழுதறவளுக்குக் காகிதம் வேணும்ல. அந்த டைரிக்காரருக்கு நாளைக்குப் பதில்னு சொன்னது சும்மா, இல்லன்னு இன்னிக்குக் காலைலயே சொல்லிட்டேன், நீ வர்றதுக்கு முன்னாடியே. விக்குதோ விக்கலயோ, இத நாம அடிக்கறோம். கூடவே சின்னதா ஒரு துணிப்பை, அதுல ஆறு சோழி. ஹஃபீசா தச்சுத் தரேன்னுட்டா. சோழிய எவனும் ஜெராக்ஸ் எடுக்க முடியாது பாரு. பிளாஸ்டிக் ஷீட்டும் போடறேன், ஏழு ரூபா போனாப் போவுது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. கோவமா கேக்கல. நீயே எழுதி நீயே ஏம்மா போட்ட, உப்புக்கடலு?

ஹேமலதா: மொத மாசம் ஒம்பது புத்தகம் போச்சு பாய். அதுல அஞ்சு எங்க சித்தப்பா வாங்கினது, ஒண்ண அவரு இன்னும் பிரிக்கவே இல்ல. பூலாம்பாடியிலருந்து வேல்முருகன்னு ஒருத்தரு எழுதினாரு. "புத்தகம் வாங்கிட்டேன், ரெண்டு தடவ படிச்சிட்டேன். கூட ஆட ஊர்ல ஒரு ஆளு இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா"ன்னு. நாலு பேருக்குன்னு நான்தானே எழுதினேன், நாலு பேர எங்கேருந்து கொண்டாறது... லாரி வராத ஒரு மத்தியானம், எடைமேடையில உக்காந்தே போட்டு வுட்டுட்டேன். "எல்லாரும் எடுத்துக்கங்க"ன்னு கீழ எழுதினதும் நான்தான். அடுத்த மாசம் மூணே புத்தகம் போச்சு. அழுதேன். யாருகிட்ட போயி புகார் குடுக்கறது, என் மேல நானேவா? இவ்வளவு நாளா அந்த உப்புக்கடல வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அதுல பொய்யே கிடையாது, மனசாரத்தான் திட்டினேன். போன வாரம் வேல்முருகன் ஒரு போட்டோ அனுப்பியிருக்காரு. ஆறு பேரு வட்டமா உக்காந்திருக்காங்க, அஞ்சு பேரு கையில போனு, போன்ல அந்த பைலு, அவரு மடியில மட்டும் நம்ம புத்தகம், அட்டை தேஞ்சுபோயி... இந்தாங்க பென்டிரைவு, சொருகுங்க. இந்தத் தடவ உங்ககிட்ட இருக்கறதுலயும் என்கிட்ட இருக்கறதுலயும், நண்டுக்குப் பத்து காலுதான்.